பதினொரு மில்லி

காட்பாடி மேம்பாலம் இறங்கியதும் இடப்பக்கம்
முனிரத்தினம் மர அறுவை ஆலை.
மரத்தூள் மூட்டை நாற்பது ரூபாய்.
"செங்கச் சூளைக்கா?" என்றார் முதல் நாள்.
"பூஞ்சைக்கு" என்றேன்.
கணக்குப் புத்தகத்தில்
"பூஜைக்கு" என்று எழுதிக்கொண்டார்.
நான் திருத்தவில்லை.

சீமைக் கருவேலம் மட்டும் போதும் என்றதற்கு
ஏற இறங்கப் பார்த்தார்.
பாலாற்றுக்குள் வெட்டிய மரம் அது.
விரிஞ்சிபுரத்துக்குக் கீழே
தண்ணீர் நடக்கவேண்டிய தடத்தில்
முள்ளோடு நின்றிருந்தது.
மணலுக்கடியில் மிச்சமிருந்த ஈரத்தை
வேர் வேராய் இறங்கிப் போய்க் குடித்திருந்தது.

மரத்தைத் தின்னத் தெரிந்த பூஞ்சைக்குச்
சாராயம் இறக்கத் தெரியாது.
இறக்கத் தெரிந்த ஈஸ்ட்டுக்கு
மரம் என்பது வெறும் சுவர்.
அதன் மரபணுவை எடுத்து
இதன் உடம்பில் செருகினேன்.
பிடித்ததா என்று கேட்க
ஒரே வழிதான் உண்டு: விஷம்.
விஷம் கலந்த தட்டில் பரப்பிவைத்தால்
பிடிக்காததெல்லாம் செத்துவிடும்.
நான்கு பிழைத்தன.
மூன்று, மரத்தூளைக் கண்டதும்
சும்மா உட்கார்ந்துகொண்டன.
நான்காவது
(ஐந்து வருடத் தோல்விகளையும் சேர்த்து
அதற்கு எண் பதினேழு)
தேங்காய் உடைத்த வாசனையோடு
வெள்ளையாய்ப் படர்ந்தது.
பச்சைப் பொடி பூத்தது.

கத்திரி வெயில்.
வெளியே நூற்றெட்டு, செய்தித்தாள் கணக்கில்.
பதினேழுக்கு வேண்டியது இருபத்தெட்டு, எங்கள் கணக்கில்.
இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமி நின்றது.
ஆய்வக உதவியாளர் சம்பங்கி
கேனைத் தூக்கிக்கொண்டு
சித்தூர் சாலை பங்க்குக்கு ஓடினார்.
ஐந்து லிட்டர் டீசல்.
எரிபொருள் செய்யும் உயிர் வெந்துபோகாமல் இருக்க
எரிபொருள்.
ஆய்வேட்டில் இதை எந்த அட்டவணையில் போடுவது?

ஒன்பதாம் நாள் வடித்தோம்.
பதினொரு மில்லி.
இந்தக் கோடையில் பாலாறு எனக்குக் கொடுத்த ஈரம்
அவ்வளவுதான்.

கடைசியாக வடிந்த சொட்டைக்
கண்ணாடி வில்லையில் விட்டுப் பற்றவைத்தேன்.
ஜன்னல் வெயிலில் சுடர் தெரியவில்லை.
கை நீட்டிப் பார்த்துத்தான்
எரிகிறது என்று நம்பினோம்.

சம்பங்கி மோந்து பார்த்தார்.
"எங்க பக்கத்து மலையில
வேலம்பட்டையப் போட்டுப் பத்தே நாள்ல எறக்கிடுவாங்க.
உங்களுக்கு அஞ்சு வருஷமா மேடம்?"
"அங்கே புளிப்பது வெல்லம் அண்ணா.
பட்டை காரத்துக்கு.
இங்கே வெல்லமே போடவில்லை,
கட்டைதான் இனித்தது."

"கட்டையா?"
வாசற்கதவை ஒருமுறை தடவிப் பார்த்தார்.
நிலைப்படியையும்.
"இது வெளிய போனா?"

போகாது.
அதற்காகத்தான் தினமும் மாலை ஆறு மணிக்கு
வளர்த்ததையெல்லாம் அள்ளி
ஆட்டோகிளேவில் அடுக்குகிறேன்.
நூற்று இருபத்தொரு டிகிரி, இருபது நிமிடம்.
மூடியைத் திறக்கும்போது வரும்
அடிபிடித்த தேங்காய் பர்பி வாசனைக்கு
நான் இன்னும் பழகவில்லை.
ஒரு துண்டை மட்டும்
குளிர்பெட்டியில் உறங்கவிட்டு
சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறேன்.
ஆலையில் மழை நனைத்த மரத்தூள் குவியலிலோ
யாரும் செருகாத யாரும் எண்ணிடாத பூஞ்சை
இஷ்டத்துக்கு முளைத்துக் கிடக்கிறது.
முனிரத்தினம் அதைச்
செருப்பால் ஒதுக்கிவிட்டு மூட்டை கட்டுகிறார்.

சனிக்கிழமை மூடி வைத்தபோது பதினொன்று.
திங்கட்கிழமை அளந்தால் ஒன்பது.
"மூடி தளர்வு. ஆவியாகியிருக்கலாம்"
என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

சம்பங்கி கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
வழக்கத்தைவிட
கொஞ்சம் கவனமாக.